வேடிக்கை பார்க்கப் போனவனின் அப்பீல்

“நீங்க அப்ப எதுக்காகக் கோர்ட்டுக்கு வந்தீங்க?”

இரண்டு மாதத்துக்கு முன்பு மாவட்ட நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதில் என்னிடம் இருந்தது. ஐம்பத்தேழு வயதில், தலை பாதி நரைத்த பிறகு, நிறைந்த கோர்ட்டில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது — ‘என் சட்டகர் தோற்பதைப் பார்க்க வந்தேன்’ என்று?

சட்டகர் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குச் சகலை. என் மனைவி சாந்தாமணியின் தங்கை கலாமணியைக் கட்டியவர். பெயர் சிவசாமி. நாங்கள் இருவரும் ஊத்துக்குளியில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். வேலம்பாளையத்தில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் தொழில் செய்கிறவர்கள். ஒற்றுமை அதோடு முடிந்தது.

என் காஜா பட்டன் யூனிட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு — தைத்து வருகிற பனியன் துணிச் சட்டைகளில் பொத்தான் துளை போட்டு, பொத்தான் தைத்துக் கொடுக்கிற வேலை. பதினாலு மெஷின். இருபத்திரண்டு வருடமாகப் பதினாலுதான். சிவசாமி எனக்கு எட்டு வருடம் கழித்துத் தொழிலுக்கு வந்தவர். இன்றைக்கு அவர் எக்ஸ்போர்ட்டர். அவர் கம்பெனியின் கண்ணாடி முகப்பில் தினமும் காலையில் என் யூனிட்டின் தகரக் கூரை தெரியும். என் கூரையே எனக்கு அங்கே பார்த்தால்தான் இத்தனை சின்னதாகத் தெரிகிறது.

எதில் எல்லாம் பொறாமை என்று கேட்காதீர்கள். எதில் இல்லை என்று கேளுங்கள். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த வருடம் அவர் பாதயாத்திரை போய்விட்டு வந்தார். கல்யாண வீட்டில் நான் பரிமாறினால் ‘போதுங்க’ என்பார்கள். அவர் வாளியைத் தூக்கினால் இலையை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். அந்த மனிதருக்குச் சர்க்கரைகூடக் கிடையாது. இது நியாயமா?

இவ்வளவுக்கும் என்னோடு அவர் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். சண்டை போட்டிருந்தால் பொறாமைக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் இருவர் இடத்துக்கும் கீழே, சரிவில், மரியசெல்வி என்கிற அம்மா ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். பதினைந்து வருடம் கம்பெனி கம்பெனியாக டெய்லர் வேலை பார்த்து, எட்டு மெஷின் வாங்கி, குழந்தைகள் டிராயர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மெஷினுக்கு அவரே எண்ணெய் விடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஐப்பசி மழை. சிவசாமி அப்போதுதான் தன் குடோனுக்கு முன்னால் லாரி நிற்பதற்காக மண் கொட்டி, இரண்டு முழம் உயர்த்தி, கான்கிரீட் போட்டிருந்தார். மேட்டில் விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, விடியற்காலையில் மொத்தமாக உடைத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. மரியசெல்வியின் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. வெட்டி அடுக்கி வைத்திருந்த துணி எல்லாம் சேறு. எட்டு மெஷினில் ஆறு மோட்டார் போச்சு. ஆர்டர் கொடுத்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா மறுபடி வேறொரு கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் போய் நின்றார். சப் கோர்ட்டில் சிவசாமி மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்கும் போட்டார்.

நான் மூன்று வாய்தாவுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் பாங்குக்குப் போகிறேன் என்பேன். சிவசாமி கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையில் திணறியபோது — எழுதவே கூசுகிறது — எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பெரிய கம்பெனி முதலாளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார்! வெளியே வந்ததும் தோளைத் தொட்டு, “எல்லாம் சரியாப் போயிருமுங்க தம்பி” என்றும் சொன்னேன்.

தீர்ப்பு வந்தது. மரியசெல்வி ஜெயித்துவிட்டார். கேட்ட தொகையில் முக்கால் பங்குக்கு மேல் சிவசாமி கொடுக்க வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தோசை அதிகம் கேட்டேன். சாந்தாமணி என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.

தீர்ப்பின் நகலைக் கோர்ட்டு வெப்சைட்டில் தேடிப்பிடித்து இறக்கினேன். தமிழில்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு பத்தியாக ரசித்துப் படித்தேன். ‘பிரதிவாதியின் கவனக்குறைவு’ என்ற வரியை மட்டும் நான்கு முறை படித்திருப்பேன்.

பதினேழாவது பக்கத்தில் தோசை தொண்டைக்கு வந்துவிட்டது.

நஷ்ட ஈட்டோடு நீதிபதி இன்னொரு உத்தரவும் போட்டிருந்தார். இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க, மேட்டுத் தண்ணீர் முன்பு போன பழைய ஓடையைப் பிரதிவாதி கிழக்கு ஓரமாக ஐந்தடி அகலத்துக்குத் தோண்டித் திறந்துவிட வேண்டும். அந்தக் கிழக்கு ஓரத்தின் சர்வே நம்பர் போட்டிருந்தது.

அது என் நம்பர்.

சிவசாமியின் பதில் மனுவில் ‘கிழக்கு ஓரத் துண்டும் என் அனுபவத்தில்தான் இருக்கிறது’ என்று இருந்ததாம். கோர்ட்டு அனுப்பி அளக்க வந்த வக்கீல் கமிஷனரும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பட்டா யார் பேரில் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் துண்டின் மேல்தான் என் பின்ஷெட் நிற்கிறது. பதினாலு மெஷினில் ஆறு அதற்குள் ஓடுகிறது.

இன்னொரு விஷயமும் எனக்கு மட்டும் தெரியும். அங்கே ஓடை இருந்தது உண்மை. ஒரு ஆள் தாண்டுகிற அகலம். ஷெட் போடுவதற்காக, இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் வாங்கிக் கொட்டி அதை மூடியது நான்தான். சிவசாமி மேட்டை உயர்த்துவதற்கு நான்கு வருடம் முன்பே.

அடுத்த நாளே ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். சுகந்தி என்று பெயர். முப்பது வருடமாக சிவில் மட்டும் பார்ப்பவர். என் கதையைக் கேட்டுவிட்டு, அப்பீல் போட்டுவிடலாம் இல்லையா என்று நான் கேட்டதற்கு, அவ்வளவு நேராகப் போட முடியாது என்றார்.

“உங்க சட்டகர் கேஸ்ல பிரதிவாதிங்க. அவரு தோத்திருக்காரு. முதல் அப்பீல் அவருக்கு உரிமை, யார் கிட்டயும் கேக்க வேண்டியதில்லீங்க. நீங்க கேஸ்லயே இல்லாதவரு. நீங்க அப்பீல் போடோணும்னா, போடலாமான்னு மொதல்ல கோர்ட்டு கிட்ட அனுமதி வாங்கோணும்.”

எனக்குச் சுருக்கென்றது. பார்த்தீர்களா வேடிக்கையை? தோற்றவருக்கு வாசல் திறந்தே இருக்கிறது. தோற்காத நான் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும். அவர் தோல்விக்குக்கூட என் வெற்றியைவிட அந்தஸ்து அதிகம்!

வக்கீலம்மா இன்னும் சொன்னார். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அப்பீல் போட முடியாது. அந்தத் தீர்ப்பு நம் உரிமை மேல் நேராக வந்து விழுந்திருக்க வேண்டும். மனவருத்தம் வேறு, சட்டப்படி பாதிப்பு வேறு. என் விஷயத்தில் கேட்காமலே என் இடத்தைத் தோண்டச் சொல்லியிருப்பதால் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முப்பது நாளுக்குள் போட வேண்டும். தாண்டினால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. இதிலும் தோற்றால் ஹைகோர்ட்டுக்கு இரண்டாவது அப்பீல். அங்கே முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருந்தால்தான் உள்ளேயே எடுப்பார்கள்.

அனுமதிக்கு மேல் அனுமதி. ரேஷன் கடை வரிசைகூட இத்தனை நீளம் கிடையாது.

அவர் பிரமாணப் பத்திரம் எழுத ஆரம்பித்தார். ‘மேற்படி வழக்கு நடந்தது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தீர்ப்புக்குப் பிறகே தெரியவந்தது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, அது சரிதானே என்று கேட்டார்.

தலையாட்டியிருக்கலாம். ஆட்டத்தான் போனேன். ஆனால் சிவசாமியின் வக்கீல் வாய்தா அன்று எனக்கு வணக்கம் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று முறை போயிருக்கிறேன் என்றேன்.

“சாட்சிக்குங்களா?”

“இல்லீங்க... சும்மா, பாக்கத்தான்.”

சுகந்தி பேனாவை மூடி வைத்தார். நான் என்ன பார்க்கப் போனேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, வழக்கு தெரியும், ஆனால் என் இடம் சம்பந்தப்பட்டிருப்பது தெரியாது என்று உள்ளபடியே எழுதலாம் என்றார். நீதிபதி கேட்டால் நான்தான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். “ஏன் போனீங்கன்னு நான் எழுதறதுக்குச் சட்டத்துல எடம் இல்லீங்க” என்றார்.

இவ்வளவு தொல்லை எதற்கு? சிவசாமிக்குத்தான் உரிமை இருக்கிறதே, அவரையே அப்பீல் போடச் சொல்லிவிட்டால் என்ன? — இப்படி ஒரு யோசனை வந்தது. அதாவது, யார் தோற்க வேண்டும் என்று மூன்று வாய்தா தவம் கிடந்தேனோ, அவரிடமே போய், ‘தயவுசெய்து ஜெயித்துக் கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். போனேன்.

அவர் ஆபீஸ் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, “வாங்கண்ணா, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏசி சத்தமே இல்லாமல் ஓடியது. (என்ன கம்பெனியோ, பெயர் தெரியவில்லை.)

விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்பீல் போடப் போவதில்லை என்றார். தொகையைப் போன வாரமே கோர்ட்டில் கட்டிவிட்டாராம்.

“அந்தம்மா சுவரு என்ற தண்ணியிலதானுங்ணா விழுந்துச்சு. மூணு வருசம் இழுத்தாச்சு. இன்னும் இழுத்தா நல்லா இருக்காதுங்க.”

அது கிடக்கட்டும், என் துண்டை ஏன் தன் அனுபவத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார் என்று கேட்டேன். ஊறுகாயை ஓரமாக ஒதுக்கினார்.

“ஓடைய மூடுனது நீங்கன்னு சொன்னா உங்களையும் கேஸ்ல சேர்த்திருவாங்கன்னு வக்கீல் சொன்னாருங்ணா. உங்களுக்கு அப்பத்தான் ஸ்டென்ட் வெச்சிருந்துச்சு. வேண்டாம்னு உட்டுட்டேன்.” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “அதும் போக, அந்த எடம் என்னைக்கு இருந்தாலும் எனக்குத்தானுங்க வரப்போகுது.”

முதல் வாக்கியத்துக்குக் கண் கலங்கியது. இரண்டாவது வாக்கியத்துக்குக் காது சூடானது. இந்த மனிதர் என்னைக் காப்பாற்றினாரா, என்னை விலை பேசிவிட்டாரா? இரண்டையும் அவர் ஒரே குரலில், ஒரே தயிர்ச்சோற்றுக்கு நடுவில் சொன்னார். இரண்டுமே அவருக்கு உண்மை. எனக்குத்தான் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நல்லவராக இருப்பதிலும் இவர் என்னை முந்த வேண்டுமா? — எழுந்து வரும்போது இதுதான் மனதில் ஓடியது. கோபத்தில் நேராக சுகந்தி ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தாறாவது நாளில் மனு தாக்கல் ஆனது.

வீட்டில் சொன்னபோது சாந்தாமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்: “அவரு தோத்தது உங்களுக்குப் பத்தல. நீங்க செயிச்சாத்தான் ஆகோணும்.”

மனு விசாரணைக்கு வந்த நாளைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

சிவசாமி தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மரியசெல்வியின் வக்கீல்தான் எழுந்தார். மனுதாரர் ஒன்றும் அறியாதவர் அல்ல, வழக்கு நடந்தபோது கோர்ட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தவர், அப்போதே தன்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம் என்றார். நீதிபதி என் பிரமாணப் பத்திரத்தைப் புரட்டினார். மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். எழுந்து நின்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

நான் உண்மையில் பாதியைச் சொன்னேன். “வேடிக்கை பாக்க வந்தனுங்க ஐயா. என்ற எடத்தப் பத்தி அதுல இருக்குதுன்னு தெரியாதுங்க.”

ஜூனியர் வக்கீல்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஒருவருடைய இடத்தைத் தோண்டச் சொல்வதற்கு முன்னால் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும், அவர் எதற்காக வந்து உட்கார்ந்திருந்தார் என்பது அதை மாற்றாது என்று சொல்லி, அப்பீல் போட அனுமதி கொடுத்தார். என் அப்பீல் முடியும்வரை ஓடை தோண்டும் உத்தரவுக்கு மட்டும் தடை. நஷ்ட ஈட்டைத் தொடவில்லை.

ஐந்து நிமிடம். அவ்வளவுதான். கதவு திறந்துவிட்டது. எனக்கு என்னமோ பெரிய ஆளாகிவிட்ட நினைப்பு. மார்பை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

தூணுக்குப் பக்கத்தில் மரியசெல்வி நின்றுகொண்டிருந்தார். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அரை நாள் பெர்மிஷன் போட்டு வந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். அவர் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?”

நின்றேன்.

“கேஸ் நடக்கும்போது நீங்க பின்னால பெஞ்சுல வந்து உக்காந்திருந்தீங்கள்லா. நான் பாத்தேன். எனக்குன்னு அந்தக் கோர்ட்டுல ஒரு ஆளு கிடையாது. நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துலதான் நான் கூண்டுல ஏறிப் பேசுனேன்.”



அவர் தொடர்ந்தார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. சண்டைக்கு நிற்கிற தோரணையும் இல்லை. மாலை ஷிஃப்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசரம் மட்டும் இருந்தது.

“உள்ள இப்ப வேடிக்க பாக்க வந்தேன்னு சொன்னீங்களே... அது நெசமா?”

வாசகர்களே, நீதிபதி கேட்டபோது எனக்குப் பாதி உண்மை போதுமானதாக இருந்தது. இந்த அம்மா கேட்டபோது போதவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வராந்தாவில், டீ கிளாஸ்களை ஏந்திக்கொண்டு ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். சிவசாமி தோற்பதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் மேல் எனக்குப் பொறாமை என்றேன். வாயைத் திறந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடம்கூட. கடைசியாக, ஓடையை மூடியது நான்தான் என்றும் சொன்னேன்.

அவர் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க கல்லு கொட்டும்போது நான் சன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தேன்.”

அப்படியானால் என் மேல் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்டேன்.

“ரெண்டு பேரு மேல போட்டா ரெண்டு வக்கீலு எதுத்துப் பேசுவாங்க. எனக்கு ஒருத்தருக்கு ஈடு குடுக்கத்தான் தெம்பு இருந்துச்சு. பெரிய கம்பெனிக்காரர் மேல போட்டா ஏதாவது வரும்னு வக்கீல் சொன்னாரு.” அட்டையைக் கையிலிருந்து விட்டார். “அதான், நீங்க வந்து உக்காந்ததும், மனசு கேக்காமத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னார். நேரமாகிறது என்று போய்விட்டார்.

மனசு கேட்காமல் வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். மூன்று வாய்தாவும் நான் உட்கார்ந்த இடத்தில், இல்லாத ஒரு நல்ல மனிதனைப் பார்த்து அந்த அம்மா தைரியம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த ஆள் மேலேயே பொறாமை வந்தது. சிவசாமியையாவது எட்டிப் பிடித்துவிடலாம். இவனை எப்படிப் பிடிப்பது?

அந்த வாரம் முழுக்க அப்பீல் காகிதம் மேஜை மேலேயே கிடந்தது. ஜெயித்திருக்கலாம். சுகந்தியும் அப்படித்தான் சொன்னார் — வழக்கை முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பக்கூட வாய்ப்பு உண்டு என்றார். அதாவது இன்னும் இரண்டு மூன்று வருடம். நான் என் ஷெட்டுக்குள் இருப்பேன். மரியசெல்வி, பணம் கையில் வந்தாலும், அடுத்த மழைக்குச் சுவர் நிற்குமா என்று தெரியாமல் அங்கே மெஷின் போட முடியாது. செக்கிங் டேபிளில் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இல்லாத நேரத்தில் பின்ஷெட்டுக்குள் டேப் பிடித்து அளந்தேன். சாந்தாமணி மறுமுனையைப் பிடித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஆறு மெஷினில் நான்கை முன்பக்கம் நெருக்கிப் போட்டுவிடலாம். இரண்டை விற்றுவிட வேண்டியிருக்கும். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “பன்னண்டு மெஷின்லயும் பொழப்பு ஓடுமுங்க” என்றாள்.

சுகந்தியிடம் போய் அப்பீலை வாபஸ் வாங்கிவிடலாமா என்று கேட்டேன். வாபஸ் வாங்கினால் பழைய உத்தரவு அப்படியே நிற்கும், ஐந்தடித் திறந்த பள்ளம் ஷெட்டைப் பிளந்துவிடும்; அதைவிட மூன்று பேரும் சேர்ந்து சமரசம் எழுதிக் கொடுப்பது நல்லது என்றார். என் இடத்தின் ஓரமாக, மூன்றடிக்குச் சிமெண்ட் குழாய் பதித்து, மேலே பலகைக் கல் மூடி, மேட்டுத் தண்ணீர் ரோட்டோரச் சாக்கடையில் விழுகிற மாதிரி. எப்போது வேண்டுமானாலும் திறந்து சுத்தம் செய்ய மரியசெல்விக்கு உரிமை. நஷ்ட ஈடு தீர்ப்பில் சொன்னபடியே. ஓடையை மூடியதில் என் பங்குக்காக, அவருடைய விழுந்த சுவரை நான் கட்டிக் கொடுப்பது — இது நானாகச் சேர்க்கச் சொன்னது. சுகந்தி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்.

அப்புறம் ஒன்று சொன்னார். சமரசத்தின் பேரில் வருகிற தீர்ப்புக்கு, எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் அப்பீல் போக முடியாது. அனுமதி கேட்டும் பயனில்லை. நன்றாக யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

யோசித்தேன். அங்கேயே, ஒரு டீ குடிக்கிற நேரம்.

மரியசெல்வி சமரசத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம் — குழாயின் அகலம் போதுமா என்று. இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டி, அரையடி கூட்டிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நான் திருந்திவிட்டேன் என்பதற்காக அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் சரியும்கூட.

போன மாதம் மூன்று பேரும் நீதிபதி முன்னால் நின்றோம். அவர் படித்துப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் சம்மதம்தானா என்று கேட்டார். தீர்ப்பைச் சொல்லிவிட்டு, இரண்டாம் எதிர்மனுதாரர் — அதாவது சிவசாமி — அப்பீல் உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் உடனே பணத்தைக் கட்டியது பாராட்டத்தக்கது என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

இடம் கொடுத்தது யார்? ஷெட்டை இடிப்பது யார்? சுவர் கட்டுவது யார்? என்னைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹும்.

குழாய் பதிக்கிற வேலைக்கு சிவசாமி தன் ஜேசிபியை அனுப்பி வைத்தார். வாடகை வேண்டாம் என்றுவிட்டார். வேலை முடிந்த அன்று வந்து, பலகைக் கல்லின் மேல் ஏறி நின்று மிதித்துப் பார்த்து, “நல்லாப் பண்ணிப்போட்டீங்கண்ணா” என்றார். அந்த இடம் எனக்கு வரும், உனக்கு வரும் என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பத்து நாளுக்கு முன்பு ஒரு நல்ல மழை பெய்தது. பகல் மூன்று மணி இருக்கும். குழாய் வாயில் தண்ணீர் மண் நிறத்தில் விழுந்து ஓடியது. கீழே, புதுச் சுவருக்குள், மரியசெல்வி குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு புது மெஷின்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

மனதுக்கு நிறைவாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு முழு வாரம் யார் மேலும் எனக்குப் பொறாமையே வரவில்லை.

நேற்று சிவசாமி புதுக் கார் எடுத்திருக்கிறார். கலர் சுத்தமாக நன்றாக இல்லை.